கிளச் மிதி பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும், தானா ராத்தா போய்ச் சேரும் வரை சுமார் 60 கிலோமீட்டருக்கு வளைவுக்குப் பின் வளைவு, இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே கையும் காலும் ஓயாது. அந்தச் சாலையின் பாதி வழியில்தான் என் ஹோண்டா சிவிக்கின் கிளச் மிதி ஒரு சனிக்கிழமை காலையில் பஞ்சாகிப் போனது. மிதித்தால் எதிர்ப்பே இல்லை, நேராகத் தரைவரை போகிறது, கியர் உள்ளே போக மறுக்கிறது. இரண்டு மூன்று தடவை படபடவென்று மிதித்தால் கொஞ்சம் உயிர் வரும், அடுத்த வளைவுக்குள் மறுபடியும் போய்விடும்.

மறுநாள் வண்டி பழுதுபார்க்கும் ஒரு பெங்கலில் விட்டேன். முழு கிளச் செட்டும் போய்விட்டது என்றார்கள், கியர்பாக்ஸை இறக்கினார்கள், தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் புதிதாக வந்தன. சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் நிற்கும்போது மிதி மறுபடியும் மெதுவாக இறங்கியது. கழற்றிப் போட்ட பழைய தட்டை எடுத்துப் பார்த்தால் ரிவெட்டுக்கு மேல் இன்னும் நல்ல கனம் இருக்கிறது. பழுது அங்கே இல்லவே இல்லை. அந்தக் காசு போன வருத்தத்தில்தான் உட்கார்ந்து இந்த வேலையை முழுதாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் பழைய ஹோண்டாவும், பாதியாக வெட்டி விற்கும் பழைய காரிலிருந்து எடுத்த ஹாஃப் கட் எஞ்சினும் வைத்திருக்கும் தம்பிகள் நிறைய பேர், அவர்களில் யாரும் இதே காசைத் திரும்பக் கட்டக் கூடாது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிதியை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் சுற்று ஏறுகிறது, கார் வேகம் ஏறவில்லை என்றால் அது தட்டு வழுக்குவது, வேறு கதை. மிதி மெத்தென்று இருக்கிறது, கியர் மாற்றக் கஷ்டமாக இருக்கிறது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறது என்றால் கிளச் முழுதாக விலகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் எண்ணெய் வழியில்தான் கோளாறு. நான் சொல்வதெல்லாம் எண்ணெயால் வேலை செய்யும் கிளச்சுக்குத்தான். கன்சில், பழைய சாகா மாதிரி கேபிள் கிளச் வண்டிகளுக்கு இது பொருந்தாது. என்னுடையது 1993 இஜி சிவிக், எஞ்சின் பி16ஏ, ஸ்பேனர் அளவுகளெல்லாம் அதற்குத்தான். மற்ற கார்களில் அளவு மாறும், வேலையின் முறை மாறாது.

ஒரு தேக்கரண்டி எண்ணெய்

மிதிக்கு மேலே, எஞ்சின் பக்கச் சுவரில் இருப்பது மேல் பம்ப். கியர்பாக்ஸில் ஒட்டிக்கொண்டிருப்பது கீழ் பம்ப். ஸ்பேர் பார்ட்ஸ் கடை தவுக்கேயிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், எடுத்து வைத்துவிடுவார். நீங்கள் மிதிப்பது மேல் பம்பின் பிஸ்டனைத் தள்ளுகிறது, அது எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் இரும்பு லைன், ரப்பர் ஹோஸ் வழியாகப் போய்க் கீழ் பம்பின் தடியைத் தள்ளுகிறது, தடி கிளச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது, அது கிளச்சை விலக்குகிறது.

இதில் எவ்வளவு எண்ணெய் நகர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. மேல் பம்பின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது 15.87 மில்லிமீட்டர். பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் தள்ளப்படும் எண்ணெய் சுமார் 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். அதில் அரை மில்லி காற்று புகுந்தாலே பத்தில் ஒரு பங்கு மிதி காணாமல் போகிறது, ஏனென்றால் எண்ணெய் சுருங்காது, காற்று அழுத்தத்தில் சுருங்கிவிடும். பெட்ரோமாக்ஸ் பம்ப் மாதிரி நினைக்காதீர்கள், இங்கே உபரி என்று எதுவும் கிடையாது. சுவர் கொஞ்சம் வளைந்தாலும், ரப்பர் ஹோஸ் கொஞ்சம் உப்பினாலும், மிதியையும் பம்பையும் இணைக்கும் பின்னின் துளை கொஞ்சம் தேய்ந்தாலும் அந்த ஒரு தேக்கரண்டிக்குள்ளிருந்துதான் கழியும்.

அதனால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மிதியின் ஓட்டம் எந்த இடத்தில் தொலைகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் சாமான் வாங்கப் போகாதீர்கள்.

எதையும் கழற்றாமல் பார்க்க வேண்டியது

எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது மிதியைப் பாதி வரை அழுத்தி அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். கால் அழுத்தத்தை மாற்றாமலே மிதி மெதுவாகக் கீழே நழுவினால், எண்ணெய் எங்கோ தப்பிக்கிறது. வெளியே ஒழுகல் எதுவும் இல்லாமல் இப்படி நடந்தால் பெரும்பாலும் மேல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, எண்ணெய் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போகிறது. என் காரில் இருந்தது இதுதான். நழுவாமல், ஆனால் பஞ்சு மாதிரி இருந்து, பலமுறை மிதித்தால் கெட்டியானால் காற்று. காலையில் நன்றாக இருந்து வண்டி சூடான பிறகு மெத்தென்று ஆனால் எண்ணெய் பழையது, நீர் குடித்துவிட்டது. இதில் ஊற்றுவது பிரேக் எண்ணெய்தான்; அதில் டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு அது 230லிருந்து 155. மேல் பம்புக்கு எண்ணெய் கொடுக்கும் சின்ன டப்பாவின் மூடி சரியாக இறுகாவிட்டால், நம் ஊர் ஈரக்காற்றில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் கிளச் லைன் போகும் டர்போ வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

அப்புறம் டப்பாவைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சளாக இருக்க வேண்டியது கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) நிறத்தில் இருந்தால் உள்ளே ரப்பர் கரைந்து வருகிறது.

ஒழுகலுக்கு இரண்டு இடம். ஒன்று, ஓட்டுநர் பக்கம் மிதிக்கு மேலே, மேல் பம்பின் தடி சுவருக்குள் நுழையும் இடம். விரலை விட்டுத் தடவுங்கள், ஈரம் இருந்தால் கார்ப்பெட் ஓரத்தையும் தூக்கிப் பாருங்கள். இரண்டாவது, கீழ் பம்பின் முனையில் இருக்கும் ரப்பர் உறை. இதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். நகத்தால் உறையின் ஓரத்தை மெல்ல உரித்துத் தூக்குங்கள். நல்ல பம்பென்றால் உள்ளே கொஞ்சம் தூசியும் பழைய கிரீஸும் இருக்கும். கெட்ட பம்பென்றால் உறையின் மடிப்புக்குள் தேங்கிக் கிடந்த கறுப்பு எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு, உங்கள் விரல் நுனிக்கு வந்து, மணிக்கட்டு வரை வழியும். வெளியே ஒரு துளிகூடத் தெரியாத பம்பில்கூட இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும். என் அக்கா மகன்தான் எனக்கு மிதித்துக் கொடுப்பவன். அவனை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் போனட்டைத் திறந்து மேல் பம்பைப் பாருங்கள். பம்ப் முன்னும் பின்னும் அசைந்தால் சுவர் வளைகிறது, அல்லது மிதி பிராக்கெட்டில் வெல்டிங் விட்டிருக்கிறது. கடினமான பிரஷர் பிளேட் போட்ட வண்டிகளில் இது சகஜம், ஏனென்றால் அந்த பிளேட்டை அழுத்த வேண்டிய பலம் முழுதும் அந்த மெல்லிய தகட்டின் மேல்தான் விழுகிறது. மிதியையும் பம்ப் தடியையும் இணைக்கும் பின்னையும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் காலடியில் அது ஐந்து ஆறு மில்லிமீட்டராகத் தெரியும், மிதியின் நெம்புகோல் கணக்கு அப்படி.

பிறகு கீழே வந்து, அவன் முழுதாக மிதிக்கும்போது கீழ் பம்பின் தடி எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வையுங்கள். என் காரில் அன்றைக்கு 9 மில்லிமீட்டர் மட்டும்தான் வந்தது. வேலை முடிந்தபின் அதே இடத்தில் 15. வேலை சரியாக நடந்ததா என்று சொல்லும் அளவு அதுதான், காலுக்குத் தெரிவதைவிட நம்பகமானது. தடி நன்றாக வெளியே வந்தும் கியர் அரைத்தால் மட்டும்தான் ஃபோர்க், பேரிங், தட்டு பக்கம் சந்தேகம் போக வேண்டும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கீழ் பம்பே கியர்பாக்ஸுக்குள், பேரிங்கோடு சேர்ந்து இருக்கும் ஐரோப்பிய வண்டிகளில் இப்படி அளக்க முடியாது, அங்கே உள்பம்ப் போனால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

மேல் பம்பா கீழ் பம்பா என்று இன்னும் குழப்பமிருந்தால் ரப்பர் ஹோஸை அதற்கென்று விற்கும் வளைவான கிளாம்ப் வைத்து இறுக்கி மிதித்துப் பாருங்கள். மிதி கல்லு மாதிரி ஆனால் கோளாறு கிளாம்புக்குக் கீழே, அப்படியே மெத்தென்றோ நழுவியோ போனால் மேலே. பிளையரால் ஹோஸை நசுக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும். கம்பி பின்னிய ஹோஸ் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

வாங்க வேண்டியது

இரண்டு பம்பையும் சேர்த்தே செய்யுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். மேலே புதுசு போட்டுக் கீழே பழசை விட்டால், இவ்வளவு நாள் அரை அழுத்தத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த பழைய வாஷர் முழு அழுத்தம் வந்ததும் கொஞ்ச நாளில் ஒழுக ஆரம்பிக்கும், நீங்கள் மறுபடியும் அதே எண்ணெயில் கை வைக்க வேண்டும்.

முழு பம்ப் வாங்குவதா, ரப்பர் கிட் மட்டும் போதுமா? பழைய பம்பைப் பிரித்து, துணியால் துடைத்து, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். பம்பின் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் கிட் போதும். நகத்துக்குத் தட்டுப்படும் கோடோ, அம்மைத் தழும்பு மாதிரி குழியோ இருந்தால் கிட் காசு வீண், புதிய ரப்பரையும் அது தின்றுவிடும். முப்பது வருஷ வண்டியில் பெரும்பாலும் குழி இருக்கும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடையில் கிடைக்கும் பழைய பம்பை நான் வாங்குவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் அங்கே வாங்கலாம், ரப்பர் வாஷர் மாத்திரம் வயதுக்குத் தப்பாது.

எண்ணெய் டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் தாராளம். டாட் 5 என்று வரும் சிலிக்கோன் எண்ணெயை இதோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அது கலக்கும். எஞ்சின் எண்ணெயோ கியர் எண்ணெயோ சாதாரண கிரீஸோ ஒரு துளி போனாலும் ரப்பர் உப்பிவிடும், பிறகு மொத்தமும் மாற்ற வேண்டும். கூடவே லைன் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் ஃபிளேர் ஸ்பேனர், 8, 12 ஸ்பேனர்கள், மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று, மீன்தொட்டிக்கு விற்கும் தெளிந்த ரப்பர் குழாய் ஒரு மீட்டர், காலி மினரல் வாட்டர் பாட்டில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்னும், சிந்தியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தப்பிக்கலாம், துடைத்தால் மட்டும் போதாது.

கழற்றுவதும் பூட்டுவதும்

வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜேக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். எங்கள் வீட்டு முன்னால் மாதிரி செம்மண் தரை என்றால் மழைக்கு அடுத்த நாள் ஸ்டாண்ட் கால் அப்படியே உள்ளே இறங்கும், கீழே கனமான பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும். செங்கல் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

டப்பாவிலுள்ள எண்ணெயை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மேல் பம்பில் சேரும் இரும்பு லைனின் நட்டை ஃபிளேர் ஸ்பேனரால் மட்டும் கழற்றுங்கள். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும், அந்த லைனுக்கு மாற்று தேடி அலைவது பம்ப் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. துருவேறி இருந்தால் முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து விடுங்கள்.

பிறகு உள்ளே. ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, தலையை மிதிக்குக் கீழே வைத்து மல்லாந்து படுக்க வேண்டும், கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மிதியோடு இணைக்கும் பின்னில் ஒரு சின்னக் கம்பி ஊசி இருக்கும், அதை நேராக்கி இழுத்துவிட்டுப் பின்னைத் தள்ளுங்கள். இரண்டு 12 நட்டு பம்பைச் சுவரோடு பிடித்திருக்கும். மேல் நட்டு கண்ணுக்குத் தெரியாது, நீள எக்ஸ்டென்ஷன் போட்டு விரலால் தடவித்தான் சாக்கெட்டை உட்கார வைக்க வேண்டும். முதல் தடவை எனக்கு இந்த ஒரு நட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆனது, அதனால் அவசரப்படாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள்.

பழைய பம்பைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் தடி நீளத்தை அளந்து, புதியதையும் அதே நீளத்துக்குத் திருகி வையுங்கள். பூட்டுவதற்கு முன் புதிய பம்பை வைஸில் பிடித்து, எண்ணெய் ஊற்றி, வாயை விரலால் அடைத்து, தடியை மெதுவாகத் தள்ளித் தள்ளி, தள்ளும்போது விரலைத் தளர்த்தி இழுக்கும்போது அடைத்து, குமிழி நிற்கும்வரை செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை, பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கீழ் பம்ப் சுலபம். ஏர் ஃபில்டர் பெட்டியையும் குழாயையும் எடுத்தால் கை போகும். இரண்டு 12 போல்ட், ஒரு லைன். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளுக்கு 22 நியூட்டன் மீட்டர் போதும், அது அலுமினிய உறை, வெறி பிடித்த மாதிரி இறுக்கினால் மரை கழன்றுவிடும். தடி முனையில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், ஃபோர்க்கின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ் பழையதென்றால் இப்போதே கம்பி பின்னியது போட்டுவிடுங்கள், கடினமான பிளேட் வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

காற்று எடுப்பது

பலபேர் தோற்கும் இடம் இதுதான். தெளிந்த குழாயை, காற்று வெளியேற்றக் கீழ் பம்பில் இருக்கும் நிப்பலில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். டப்பாவை நிரப்புங்கள். உள்ளே ஆளுக்கு மூன்றே சொல்: மிதி, பிடி, விடு. அவன் மெதுவாக மிதித்து, பிடித்து, "பிடிச்சிட்டேன் மாமா" என்று சத்தம் கொடுத்த பிறகுதான் 8 ஸ்பேனரால் நிப்பலைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். மிதி கீழே போகும், குழாயில் குமிழி ஓடும், மிதி தரையில் இருக்கும்போதே நிப்பலை மூடுங்கள், அதன் பிறகுதான் "விடு". காற்று இருக்கும்போது கிளச் மிதி தானாக மேலே வராது, கையாலோ பாதத்தின் மேல்புறத்தாலோ தூக்கிவிட வேண்டும். இது தெரியாமல் மிதி உடைந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

படபடவென்று மிதிக்க வேண்டாம். பெரிய குமிழி நுரையாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும், அப்புறம் அரை மணி நேரம் சும்மா விட்டால்தான் பிரியும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள், அது சின்ன டப்பா, காலியாகி ஒரு வாய்க் காற்றை இழுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் பஞ்சுத்தனம் போகவில்லை என்றால் காற்று கீழ் பம்பின் மூலையில் நிப்பலைவிட உயரத்தில் தங்கியிருக்கிறது. காற்று எப்போதும் மேலேதான் ஏறும், நிப்பல் உச்சியில் இல்லாவிட்டால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வராது. இரண்டு போல்ட்டைக் கழற்றி, லைனைக் கழற்றாமல், பம்பைக் கையில் பிடித்து நிப்பல் வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். டப்பா மூடியைத் திறந்து வைத்து, கீழ் பம்பின் தடியைக் கட்டைவிரலால் மெதுவாக முழுதும் உள்ளே தள்ளுங்கள். எண்ணெய் பின்னோக்கி ஏறும், கூடவே காற்றும். டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் அன்றைக்கு "மாமா, கொதிக்குது" என்று கத்தினான். உண்மையில் அப்படித்தான் இருந்தது, பட்டாணி அளவில் குமிழிகள் வரிசையாக மேலே வந்து வெடித்தன. நான்கைந்து தடவை தள்ளியதும் நின்றது. பம்ப் வெளியே இருக்கும்போது யாரும் மிதியைத் தொடக் கூடாது, தடி எகிறி பிஸ்டன் வெளியே வந்துவிடும். அதன் பிறகு பூட்டிவிட்டு இன்னும் பத்து மிதி சாதாரண முறையில் எடுத்தால் முடிந்தது.

மிதி உயரம்

கடைசியாகத் தடியைத் திருகி மிதியைச் சரிசெய்ய வேண்டும். கிளச் மேலே பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தடியை இஷ்டத்துக்கு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆபத்து அதில்தான் இருக்கிறது. மிதியை முழுதாக விட்ட நிலையில் பிஸ்டன் கடைசிவரை பின்னால் வந்தால்தான் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். தடி நீளமாக இருந்தால் அந்தத் துளை மூடியே இருக்கும், எண்ணெய் சூட்டில் விரியும்போது போக இடமில்லாமல் கீழ் பம்பையே தள்ளும், நீங்கள் மிதிக்காமலே கிளச் பாதி விலகி நிற்கும். புதுத் தட்டு சில நாளில் கருகும். அதனால் விரலால் மிதியை அழுத்தினால் தடி பிஸ்டனைத் தொடுவதற்கு முன் ஒரு சின்ன ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

இப்போது ஸ்கேலை எடுத்துத் தடியின் ஓட்டத்தை மறுபடியும் அளந்து, எழுதி வைத்த எண்ணோடு பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் போக வேண்டும். அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு மறுபடியும் ஒருமுறை. ஒரு வாரம் கழித்து கீழ் பம்பின் உறையை உரித்துப் பாருங்கள், டப்பா அளவையும் பாருங்கள், இரண்டும் அப்படியே இருந்தால் அடுத்த எண்ணெய் மாற்றம் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

பாட்டிலில் சேர்ந்த கறுப்பு எண்ணெயை வீட்டுப் பின்னால் இருக்கும் லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், அது நேராக ஆற்றுக்குத்தான் போகிறது. மூடியை இறுக்கி, அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது பழைய எண்ணெய் சேர்க்கும் பெங்கலில் கொடுத்துவிடுங்கள். இது பிரேக் எண்ணெய் என்று சொல்லிக் கொடுங்கள், எஞ்சின் எண்ணெய் டிரம்மில் கலக்காமல் தனியாக வைப்பார்கள்.